பத்து மணி முதல் நாலு மணி வரை

அந்த வீட்டில் பகல் நேரத்தில் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். விசில் அடிக்கும் என்பதால் அங்கே குக்கரே கிடையாது. அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. வாசல் கதவில் ‘தட்டாதீர்கள், ஜன்னல் வழியாகக் கூப்பிடுங்கள், மெதுவாக’ என்று ஓர் அட்டை தொங்கும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ரொம்ப நாள் வரைக்கும் இங்கே யாரோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்து, பார்க்கும்போதெல்லாம் பரிதாபமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

படுத்திருந்தது உண்மைதான். ஆனால் நோயாளி இல்லை, ஐஸ்காரர். கும்பகர்ணனுக்குத் தம்பி மாதிரி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஐஸ் தொழிற்சாலையில் அவர் இயந்திரம் ஓட்டுகிறவர். சாயங்காலம் ஆறு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினால், காலை ஏழு மணிக்குக் கண்கள் சிவக்கத் திரும்புவார். கல்யாணமான நாலாவது நாளிலிருந்து இதே கதை. பத்தொன்பது வருடம்.

ராத்திரியில்தான் ஐஸ் உறையும் என்று ஏதும் சட்டம் இல்லை. ராத்திரியில்தான் மின்சாரம் மலிவு, அவ்வளவுதான் விஷயம். ஊரே தூங்கும்போது மின்சாரத்துக்குக் கிராக்கி இல்லை. அதற்காக நிலக்கரி உலையை ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் அடுப்பு மாதிரி பற்றவைக்க முடியுமா? முடியாது. ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் யார் வாங்கினாலும் ஐந்தில் ஒரு பங்கு விலை குறைத்துக் கொடுத்தது மின்சாரத் துறை. ஐஸ் தொழிற்சாலை முதலாளி கணக்கில் கெட்டிக்காரர். மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் மட்டும் இயந்திரத்தை முழு மூச்சாக ஓட்டினார். ஓட்டுகிறவரின் தூக்கம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஐஸ்காரரின் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பாள். அவளுடைய அண்ணன் தையல் இயந்திரத்துக்கு ஆசையாக ஒரு மோட்டார் வாங்கிக் கொடுத்திருந்தான். பகலில் அதைப் போட்டால் கடகடவென்று வீடே அதிரும். ஆகவே பகல் முழுக்கக் காலால் மிதித்தே தைப்பாள். ஐஸ்காரர் சாயங்காலம் தெருமுனையைத் தாண்டினாரோ இல்லையோ, மோட்டாரைப் போட்டுவிடுவாள். மகளுக்குப் பதினாறு வயது. பிறந்ததிலிருந்து கிசுகிசுத்தே வளர்ந்தவள். பள்ளியில்கூட அப்படித்தான். “உங்க பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா?” என்று ஆசிரியை ஒருமுறை கேட்டே விட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் மின்கட்டண ஆணையத்திலிருந்து முதலாளிக்கு ஒரு அறிவிப்பு வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

“யோவ், இங்க வா! இத என்னன்னு பாரு!”

அப்போதுதான் இரவு வேலை முடிந்து கைகழுவிக்கொண்டிருந்த ஐஸ்காரர் ஓடிவந்தார்.

“ராத்திரிச் சலுகைய எடுக்கப் போறாங்களாம்யா. இனிமே காலைல பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் மலிவாம். மூணுல ஒரு பங்கு குறைப்பாங்களாம். சாயங்காலம் ஆறுலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும் அதே அளவு கூட்டிடுவாங்களாம். உச்சி வெயில்ல எவனாவது ஐஸ் போடுவானா? இத எழுதினவனுக்கு மூளை உருகிப் போச்சா?”

“போடலாம் முதலாளி. ஆனா…”

“ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல! இருபத்தி மூணாம் தேதி விசாரணை வச்சிருக்காங்க. பொதுமக்கள் கருத்து சொல்லலாமாம். அன்னிக்குப் பார்த்து எனக்குக் கண் ஆபரேஷன். நான் கடுதாசி எழுதித் தர்றேன். நீ போய்ப் படிச்சுட்டு வந்துடு. நல்லா உறைக்கிற மாதிரி படி.”

எழுதுவதில் முதலாளி வஞ்சனை வைக்கவில்லை. நாலு பக்கம் எழுதினார்.

விசாரணை நாளன்று ஐஸ்காரர் இரவு வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தொழிற்சாலைக் குழாயடியிலேயே குளித்துவிட்டு, மைத்துனன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக ஆணையத்துக்குப் போனார். பெரிய கூடம். வரிசையாக இரும்பு நாற்காலிகள். மேலே மூன்று மின்விசிறிகள். நடுவில் இருந்தது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. வாசலில் இருந்த அலுவலர் அவருக்குப் பதினாலாம் எண் சீட்டைக் கொடுத்தார். பதின்மூன்றாம் எண் வைத்திருந்தவர் ஒரு முடிதிருத்துபவர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாருடைய தலையையும் தொழில் கண்ணோடு அளந்துகொண்டிருந்தார்.

மேடையில் ஆணையத் தலைவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான அம்மாள். எதிரே காகிதத்தைவிடத் தண்ணீர் பாட்டில்தான் அதிகம் இருந்தது. அவர் சொன்னதும் மின்சாரத் துறைப் பொறியாளர் எழுந்து, திட்டம் எதற்காக என்று விளக்கினார்.

“நம்ம ஊரைச் சுத்திச் சூரியப் பலகை நிறைய வந்தாச்சு. பன்னிரண்டு மணி வெயில்ல அதெல்லாம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. வாங்கத்தான் ஆள் இல்ல. போன மாசம் பதினோரு நாள், நல்லா வேலை செய்யற பலகைகளை நாங்களே நிறுத்தி வச்சோம். ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு? சூரியன் போயிடுது, வீட்ல எல்லாரும் விளக்கு போடறாங்க, அடுப்பு போடறாங்க. அப்ப வெளிச்சந்தையில மூணு மடங்கு விலை கொடுத்து வாங்கறோம். பேட்டரி வச்சுச் சேமிக்கலாம். ஆனா இவ்வளவு பெரிய ஊருக்குப் பேட்டரி வாங்க எங்ககிட்ட வசதி இல்ல.”

ஐஸ்காரர் இவ்வளவையும் கேட்டார். அதற்குப் பிறகு எழுந்தவர் குளிர்பதனக் கிடங்குச் சங்கத்தின் வழக்கறிஞர். ‘பிரிவு நாற்பத்தொன்று, உட்பிரிவு மூன்று’ என்று அவர் ஆரம்பித்ததும் ஐஸ்காரரின் கண் சொருகியது. மணி பதினொன்று. பத்தொன்பது வருடமாக அவர் ஆழ்ந்து உறங்கும் நேரம். உடம்புக்கு விசாரணையாவது வழக்கறிஞராவது! தலை மெல்லச் சாய்ந்து முடிதிருத்துபவரின் தோளில் இறங்கியது. அவரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். தூங்கும் தலைகளைத் தாங்கிப் பழகிய தோள்.

பிறகு முடிதிருத்துபவரின் முறை வந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டுமானால் தோளில் இருக்கும் தலையை எங்கேயாவது வைக்க வேண்டுமே! மெதுவாக நாற்காலியின் முதுகில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் போனார்.

“அம்மா, எனக்குக் கூட்டமே சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான். மத்தியானம் கரண்ட் மலிவுன்னா நல்லதுதான். ஆனா மத்தியானம் யாரு வேலைய விட்டுட்டு முடி வெட்ட வருவா? நான் கடைய மாத்தலாம், ஊர் பழக்கத்த எப்படி மாத்துவேன்? ஆறிலேர்ந்து பத்து வரைக்கும் கூட்டினீங்கன்னா, அடி என் தலையிலதான் விழும்.”

கூடம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். “நேரத்த மாத்திக்க வழியே இல்லாதவங்களுக்கு இது தண்டனையாயிடக் கூடாது. சரியான பேச்சு” என்றார்.

“பதினாலு!”

யாரும் எழவில்லை.

“பதினாலு யாரு?”

முடிதிருத்துபவர் ஓடிவந்து உலுக்கினார். ஐஸ்காரர் தூக்கத்திலேயே, “கம்ப்ரஸர் நின்னு போச்சா?” என்று கத்திக்கொண்டு எழுந்தார். இந்த முறை கூடம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரும்தான்.

முகம் சிவக்க முன்னால் போய் நின்று, கடிதத்தைப் பிரித்தார் ஐஸ்காரர். “மாண்புமிகு ஆணையத்தாரின் திருச்சமூகத்துக்கு. எம்போன்ற எளியோரின் தலைமீது இடியென இறங்கும் இக்கொடிய, இரக்கமற்ற, முன்யோசனை சிறிதுமற்ற…” படிக்கப் படிக்க அவருக்கே மூச்சு வாங்கியது. இரண்டாம் பக்கத்தில் முதலாளி தன் தாத்தா காலத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணீர் விட்டிருந்தார்.

நாலாவது பக்கத்தைப் புரட்டும்போது தலைவர் கையைக் காட்டினார். “கடிதத்த எங்ககிட்ட கொடுத்துடுங்க, முழுசாப் படிக்கிறோம். நீங்க அந்தத் தொழிற்சாலையில என்ன வேலை பார்க்கறீங்க?”

“இயந்திரம் ஓட்டறேங்க. ராத்திரி வேலை.”

“அப்ப நேத்து ராத்திரி?”

“வேலைதாங்க. அப்படியே இங்க வந்துட்டேன்.”

“உட்கார்ந்தே பேசுங்க. யாராவது அவருக்கு ஒரு டீ கொடுங்க. நிஜமாவே பகல்ல ஐஸ் போட முடியாதா?”

ஐஸ்காரர் கடிதத்தைப் பார்த்தார். முடியவே முடியாது என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. ஆனால் கேட்கிறவர் கடிதத்தைக் கேட்கவில்லை, தன்னைக் கேட்கிறார். இத்தனை வருடத்தில் அந்த இயந்திரத்தைப் பற்றி அவரிடம் யாருமே கேட்டதில்லை. ஓட்டு என்பார்கள், நிறுத்து என்பார்கள், அவ்வளவே.

“முடியும்மா” என்றார். “வெயில்ல இயந்திரத்துக்கு மூச்சு முட்டும். நூத்துக்குப் பத்து, பன்னெண்டு கரண்ட் கூடுதலா இழுக்கும். ஆனா நீங்க முப்பத்தி மூணு குறைக்கறீங்களே. அப்பவும் லாபம்தான். ஒரே ஒரு சிக்கல். படகுக்காரங்களுக்கு ஐஸ் வேணும்கிறது விடியக்காலை நாலு மணிக்கு. சாயங்காலம் எடுத்த கட்டிய அது வரைக்கும் உருகாம வைக்கணும். அதுக்கு நல்ல அறை வேணும்.”

“அறை இருக்கா?”

“இருக்கும்மா. உடைஞ்ச நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருக்கோம்.”

பொறியாளர் தன் இருக்கையில் முன்னால் நகர்ந்தார். “அப்ப மத்தியானக் கரண்ட்ட நீங்க விடியக்காலைக்கு எடுத்து வச்சுக்க முடியும்னு சொல்றீங்க.”

“ஆமாங்க. நீங்க பேட்டரி பேட்டரின்னு சொன்னீங்களே. எங்க தொட்டியில இருக்கிறது வேற என்னங்க? அதுவும் கரண்ட்டுதான். கட்டி கட்டியா உறைய வச்சிருக்கோம்.”

பொறியாளர் மேசையைத் தட்டினார். “மேடம், இதத்தான் நான் ஆறு மாசமா படம் போட்டு விளக்கிக்கிட்டிருக்கேன். இவர் ஒரே வரியில சொல்லிட்டார்!”

தலைவர் இன்னொரு கேள்வி கேட்டார். “நேரம் மாறினா உங்களுக்குச் சம்மதமா? உங்க முதலாளிக்கு இல்ல. உங்களுக்கு.”

அதுவரை அவர் அதை யோசிக்கவே இல்லை. இயந்திரத்தையும் தொட்டியையும் அறையையும்தான் மனதில் ஓட்டிக்கொண்டிருந்தார். பகலில் இயந்திரம் ஓடினால் ராத்திரியில் தான் எங்கே இருப்போம் என்பது இப்போதுதான் உறைத்தது.

“எனக்கு ஒரு பொண்ணு இருக்காம்மா. பதினாறு வயசு. பகல்ல நான் தூங்கறேன்னு அவ கிசுகிசுன்னுதான் பேசுவா. அவ பொறந்தப்போ அழுத சத்தம் கேட்டிருக்கேன். அதுக்கப்புறம் அவளோட நிஜமான குரல் எப்படி இருக்கும்னு எனக்குச் சரியாத் தெரியாது.”

வழக்கறிஞர்கூடக் காகிதத்தைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

“சம்மதம்மா” என்றார் ஐஸ்காரர்.

வெளியே வந்ததும்தான் அவருக்கு முதலாளியின் ஞாபகம் வந்தது. எதிர்க்கச் சொல்லி அனுப்பினால் ஆதரித்துவிட்டு வந்திருக்கிறோமே! முடிதிருத்துபவர் தோளைத் தட்டி, “நல்லாப் பேசினீங்க. தூங்கறதும் நல்லாத்தான் தூங்கறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி காற்றாய்ப் பறந்து ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த முதலாளி, மிச்சம் இருந்த ஒரு கண்ணாலேயே இரண்டு கண்ணுக்கும் சேர்த்து முறைத்தார்.

“நான் உன்ன எதுக்கு அனுப்பினேன்?”

“எதிர்க்க.”

“நீ என்ன செஞ்சே?”

“கடுதாசி மூணு பக்கம் படிச்சேன் முதலாளி.”

“அப்புறம்?”

“அப்புறம் அந்தம்மா கேட்டாங்க. இருக்கறத சொல்லிட்டேன்.”

“இருக்கறத சொல்றதுக்கா உனக்குச் சம்பளம் கொடுக்கறேன்?” என்று முதலாளி கத்த, நர்ஸ் எட்டிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஐஸ்காரர் குனிந்து, வீட்டில் பழகிய கிசுகிசுப்பில் சொன்னார்.

“முதலாளி, மூணு மாசத்துக்கு விருப்பப்பட்டவங்க மட்டும் சேரலாம்னு ஆணையத்துல சொல்லியிருக்காங்க. சரிப்படலைன்னா பழைய முறைக்கே போயிடலாம். எனக்குப் பத்து நாள் கொடுங்க. ஒரு கட்டி உருகினாலும் என் சம்பளத்துல பிடிச்சுக்கங்க.”

முதலாளி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா, கணக்குப் போடுகிறாரா என்று தெரியவில்லை. கண்ணைத் திறக்காமலே, “எத்தனை பங்கு குறைப்பாங்கன்னு சொன்னே?” என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூலும் கோக்கவில்லை, ஊசியும் கீழே விழுந்தது.

“ராத்திரி வீட்டுலயா இருப்பீங்க?”

“ஏன், வேண்டாமா?”

“வேண்டாம்னா சொன்னேன்? கட்டில்ல ஒரு பக்கம் முழுக்கத் துணி அடுக்கி வச்சிருக்கேனே, அத எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறேன்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகத் தொழிற்சாலைக்குப் போனார்கள். சாமான் அறையைத் திறந்தால், உடைந்த நாற்காலி, துருப்பிடித்த வாளி, யாரோ ஒரு காலத்தில் விட்டுப்போன சைக்கிள் என்று கூரை வரை குப்பை. சுவர் மட்டும் நல்ல சுவர். உள்ளே தக்கைப் பலகை வைத்துக் கட்டியது. குளிர் வெளியேறும் ஓட்டை எல்லாம் கதவில்தான். மனைவி முழம் போட்டுக் கதவை அளந்தாள். மெத்தைக்குள் வைக்கும் பஞ்சுத் தகடு, வெளியே தார்ப்பாய், அடியில் கனத்துக்கு மணல் பை. இதை மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்தால் ஒரு கொசுகூட உள்ளே நுழையாது என்று கணக்குச் சொன்னாள்.

“மோட்டார் போட்டுத்தான் தைக்கணும். காலால மிதிச்சா தீபாவளி போய்ப் பொங்கல் வந்துடும்” என்று அவள் சொல்ல, “எனக்கென்ன, நான்தான் முழிச்சிருக்கேனே, தாராளமாப் போடு” என்றார் ஐஸ்காரர்.

அவர் ஏணியில் ஏறி மேலே இருந்த மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை இழுக்க, பின்னால் இருந்த அடுக்கு மொத்தமும் சரியத் தொடங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“அப்பா! இடது பக்கம் குதி!”

இடி மாதிரி ஒரு குரல். யாருடையது என்று யோசிக்க நேரமில்லாமல் ஐஸ்காரர் குதித்தார். சட்டங்கள் தடதடவென்று ஏணிமேல் விழுந்தன. தூசி அடங்கியதும் பார்த்தால், மகள் அறை நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளாலேயே நம்ப முடியவில்லை. கனத்த, மணி மாதிரியான குரல். காலியான அறை அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது.

“அடியேய், இது உன் குரலா?” என்றாள் அம்மா.

மகள் கையை எடுத்தாள். “ஆமாம்!” என்றாள். ‘ஆமாம்’ என்றது சுவர். அவ்வளவுதான்; பிடித்துக்கொண்டது. தன் பெயரைக் கத்தினாள். பள்ளிக்கூட ஆசிரியைகளின் பெயர்களை எல்லாம் வரிசையாகக் கத்தினாள். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பதினாறு வரைக்கும் கத்தினாள். ஐஸ்காரர் விழுந்து கிடந்த சட்டத்தின்மேல் உட்கார்ந்து, முழங்காலில் சிராய்த்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே அவருடைய அம்மாவின் குரல். கூட்டத்தில் தூரத்திலிருந்து கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் குரல் அது. இத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, தெரியவில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் தூசி என்று சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணி அடித்ததும் இயந்திரத்தைப் போட்டார். உப்புநீர்த் தொட்டியில் வரிசையாக இறக்கிய டப்பாக்களில் தண்ணீர் மெல்ல மெல்ல வெள்ளை கட்டியது. வெளியே வெயில் கொளுத்தியது. குளிர்விக்கும் குழாய்களின்மேல் தண்ணீர் தெளித்துத் தெளித்து இயந்திரத்துக்கு ஒத்தாசை செய்தார். முதல் நாள் வேலை பாதிதான் தேறும், மூன்றாம் நாளிலிருந்துதான் தொட்டி பழகும் என்று அவருக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடியோடு வந்து மணிக்கு ஒரு தரம் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

நாலாவது நாள் நூற்றிருபது கட்டிகள் அறைக்குள் போயின. கதவில் மனைவி தைத்த திரை, யானை காது மாதிரி கனமாகத் தொங்கியது. மறுநாள் விடியற்காலையில் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். ஐஸ் வாங்க வந்தவர் படகுகளுக்கு மொத்தமாகப் பிடித்துக் கொடுக்கும் ஓர் அம்மாள். ஐஸ் விஷயத்தில் சொந்தத் தம்பியையே நம்பமாட்டார். கையில் இரும்புக் கொக்கி.

திரையை விலக்கினார்கள். குளிர் முகத்தில் அடித்தது. கட்டிகள் அடுக்கினது அடுக்கினபடி நின்றன. ஓரங்கள் மட்டும் சோப்புக் கட்டி மாதிரி லேசாக வழுவழுத்திருந்தன. அம்மாள் ஒரு கட்டியைக் கொக்கியால் தட்டினார். டங்கென்று சத்தம். குனிந்து உள்ளே பார்த்தார். தன் செருப்பு அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தது.

“முன்னல்லாம் கட்டி நடுவுல வெள்ளையா, பஞ்சு மாதிரி இருக்குமே. அது எங்க போச்சு?”

“முன்னல்லாம் நாலு மணிக்குள்ள அவசரமா உறைய வைப்போம், காத்துக் குமிழி உள்ளயே மாட்டிக்கும். இப்ப நிதானமா உறையுதும்மா” என்றார் ஐஸ்காரர்.

“இனிமே எனக்கு இதே ஐஸ்தான் வேணும்” என்று சொல்லிவிட்டு, வழக்கமாக அறுபது எடுப்பவர் எண்பது எடுத்துக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் பில் வந்தது. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கண் ஆபரேஷன் சரியாக நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி. பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இந்த யோசனை எனக்கு அப்பவே தோணுச்சு” என்றார். அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில், மதிய மின்சாரத்தை முதன்முதலில் ஆதரித்தது தன் தொழிற்சாலைதான் என்று பேசி மாலை வாங்கிக்கொண்டு வந்தார். மாலையைக் கழற்றி ஐஸ்காரர் கையில் கொடுத்து, “வீட்டுக்குக் கொண்டு போ” என்றார். முதலாளிக்கு அதற்குமேல் நன்றி சொல்ல வராது. கூடவே சம்பளத்திலும் கொஞ்சம் ஏற்றினார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, கவரில்தான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஆணையத்தின் இறுதி ஆணை வந்தது. நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாத சின்னக் கடைகளுக்கு மாலை நேரக் கூடுதல் கட்டணம் இல்லை என்று அதில் ஒரு பத்தி இருந்தது. முடிதிருத்துபவர் அந்தப் பத்தியை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம் எல்லாம், “நான் பேசினதுக்குத்தான் போட்டாங்க” என்பார். அது உண்மையும்கூட.

வீட்டில் பழகிக்கொள்ள ஐஸ்காரருக்குச் சில நாள் பிடித்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் தன் தெருவைச் சாயங்கால விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. முதல் நாள் மிச்ச வேலையெல்லாம் முடித்து, விளக்கு வைத்த பிறகு நடந்து வந்தபோது எதிர்வீட்டுக்காரர், “யாரைத் தேடறீங்க?” என்று கேட்டார். “என் வீட்டத்தான்” என்றார் ஐஸ்காரர். விஷயம் புரிந்ததும் எதிர்வீட்டுக்காரர் உள்ளே ஓடி, “இவங்க வீட்டுக்காரருக்கு உடம்பு குணமாயிடுச்சு!” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் சண்டை போட இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தானே! ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு, சாப்பிட்டு முடித்த கையோடு, ஐஸ்காரர் படுக்கையறை ஜன்னலைச் சாத்தினார்.

“ஏன் சாத்தறீங்க? காத்து வேண்டாமா?”

“பகல் பூரா ஐஸ் பக்கத்துலயே நிக்கறேன். எனக்குக் குளிருது.”

“எனக்குப் புழுங்குது. பத்தொன்பது வருஷமா இந்த ஜன்னல் ராத்திரி திறந்துதான் இருக்கு.”

“பத்தொன்பது வருஷமா நான் இங்க இல்லையே!”

“அது ஜன்னல் தப்பா?”

குரல் ஏறியது. அவள் திறந்தாள், அவர் சாத்தினார். அவர் சாத்தினார், அவள் திறந்தாள். சத்தம் தெருவரைக்கும் போய், எதிர்வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. கடைசியில் மகள் அடுத்த அறையிலிருந்து, தொழிற்சாலை அறையில் கண்டெடுத்த அந்தக் குரலில் ஒரு சத்தம் போட்டாள்.

“ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்களா? எனக்கு நாளைக்குப் பரீட்சை!”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அவள்தான் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்ததும் ஐஸ்காரர் ஜன்னலைப் பாதி திறந்து வைத்தார். அவள் அலமாரியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்து அவர் பக்கம் வீசினாள்.